எருமை தலையில் வைத்த தீ

தேவமணியை அடக்கம் பண்ணிவிட்டு ஆமத்தூர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நடந்த இரண்டு பேரில் ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசிதான். கடேசில ஒரு எருமைக்காக வேலையை விட்டுட்டு ஊர் ஊரா அலைஞ்சா. கொஞ்சம் புத்தி பிசகிருச்சு, பாவம்." மற்றவர் சிரித்தார். அடக்கம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் செருப்பில் ஒட்டிய மண் அப்போதுதான் வெட்டிப் போட்ட மண்.

சிரித்தவர் வீட்டுக்குக் காலையும் மாலையும் போவது வேலுத்தாய் வீட்டு எருமைப்பால். அந்த எருமையின் மேல் என்ன பழி போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பழியைத் துடைக்கத்தான் தேவமணி அலைந்தாள் என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்டதும் இல்லை. ஒருத்தி செத்த பிறகு அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

தேவமணி மதுரையில் பூகோளம் படித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எட்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். இந்த வருடம் நிரந்தரம் ஆகும், அடுத்த வருடம் ஆகும் என்று காத்திருந்து, ஆகாமலே போய், சிவகாசியில் மீரான் மைதீனின் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்குகிற சார்ட்டுகளை அடிக்கிற கம்பெனி அது: காய்கறிகள், வாகனங்கள், வீட்டு விலங்குகள், மனித உடல். சீசனில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் அடிப்பார்கள். பள்ளிக்கூடம் அவளை விட்டாலும் டீச்சர் என்ற பேர் அவளை விடவில்லை. முதலாளியிலிருந்து மிஷின் ஓட்டுகிறவர்வரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. கடைசி புரூஃபை அவள் பார்த்து, "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பிறகு எது தப்பானாலும் அவள் தலையில்தான் விடியும். பதினாறு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளும் திரும்பி வந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஏப்ரல் மாதம், சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆர்டர் வந்தது. பூமி சூடாகிறது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருந்த நேரம். தென்மாவட்டப் பள்ளிகளுக்குப் பன்னிரண்டாயிரம் சார்ட்டுகள் வேண்டும், ஜூன் ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் தினத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். ஆர்டரைக் கொண்டுவந்த இளைஞர் பேர் சாலமன்ராஜ். தலைப்பையும் அவரே எழுதிக் கொடுத்தார்: "உணவும் உழவும் பூமியைச் சூடாக்குகின்றன. முதலிடம் எந்த நாட்டுக்கு?"

தலைப்புக்குக் கீழே ஐந்து நாடுகள், செங்குத்தாக ஐந்து கோடுகள். ஒவ்வொரு நாடும் வெளிவிடுகிற வெப்ப வாயுக்களில் வயலும் தொழுவமும் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. இந்தியா 28, சீனா 17, அமெரிக்கா 7, பிரிட்டன் 7, ஜப்பான் 2. எண்கள் பொய்யல்ல. அந்தந்த அரசாங்கங்களே கொடுத்த கணக்கிலிருந்து எடுத்தவை. ஆதாரமாகப் பதினைந்து பக்க ஜெராக்ஸும் கூடவே வந்திருந்தது.

படம் போட்டவர் சோலைமலை. இருபது வருடமாகப் பட்டாசு லேபிள் வரைந்த கை. லேபிளில் எது உயரமோ அது எரிய வேண்டும். ராக்கெட் என்றாலும் புஸ்வாணம் என்றாலும் உச்சியில் சிவப்பும் மஞ்சளும் சிதற வேண்டும். அந்தப் பழக்கத்தில் இந்தியாவின் கோட்டைச் சிவப்பாக்கி, உச்சியில் தீப்பொறி பறக்கவிட்டார். அதன் மேல் ஒரு எருமை. "வீட்டு விலங்குகள்" சார்ட்டுக்கு வரைந்த அதே எருமையைத்தான் எடுத்து உட்கார வைத்திருந்தார். அமெரிக்காவுக்கு வந்தபோது கோடு குட்டையாக இருந்ததால் பச்சை வண்ணம். அதன் மேல் ஒரு செவலைப் பசு, வாயில் ஒரு பூவோடு.

தேவமணி மூன்று முறை படித்தாள். ஒரு ஒற்று மிகவில்லை, திருத்தினாள். எண்களை மூலத்தோடு ஒப்பிட்டாள், எல்லாம் சரி. "எருமை ரொம்ப லட்சணமா இருக்குண்ணே" என்று சோலைமலையிடம் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

மிஷின் ஓடத் தொடங்கும்போது வண்ணம் சரியாக விழும்வரை கொஞ்சம் தாள் வீணாகும். அதை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சிவகாசிப் பக்கம் பாதி வீடுகளில் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையும், சோற்றுப் பானைக்கு அடியில் விரிப்பும், கதவு ஓட்டைக்கு அடைப்பும் இந்தத் தாள்தான். தேவமணி பத்துத் தாள் கொண்டுபோய் வேலுத்தாயிடம் கொடுத்தாள். வேலுத்தாய் பக்கத்துத் தெருக்காரி, புருசன் இல்லாதவள். பகலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மற்ற நேரமெல்லாம் இரண்டு எருமை.

மூன்றாம் நாள் காலையில் பால் ஊற்ற வந்தவள் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"கேளு வேலு."

"அந்தத் தாள்ல இருக்கிறது நம்ம எருமைதானே?"

"எந்தத் தாள்ல?"

"நீங்க குடுத்ததுதான். தொழுவத்துக்குள்ள சாரல் அடிக்குதேன்னு தட்டியில ஒட்டுனேன். எருமைக்குக் கீழ தீய வச்சிருக்கீக. பக்கத்துல ஒரு செவலை மாடு, ஒய்யாரமாப் பூவத் திங்குது. அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அது என்ன, கோயில் மாடா?"

தேவமணிக்குச் சிரிப்பு வந்தது. பழைய டீச்சர் அவளுக்குள் எழுந்து உட்கார்ந்தாள். அசைபோடுகிற மாடு ஏப்பம் விடும்போது ஒரு வாயு வரும், தண்ணீர் கட்டி நிற்கிற நெல்வயலிலும் அதே வாயு வரும், அது மேலே போய்ப் பூமியைச் சூடாக்கும் என்று சொன்னாள்.

"சரி, ஏப்பம் விடுது. அமெரிக்கா மாடு விடாதாக்கும்?"

"விடும். ஆனா அங்க ஏழு, நமக்கு இருபத்தெட்டு."

"எதுல ஏழு?"

"நூத்துல ஏழு."

"எந்த நூறு டீச்சர்? ஒரே நூறா, அவுகளுக்கு வேற நூறா?"

தேவமணி வாயைத் திறந்தாள்.

"அந்தந்த நாட்டுல மொத்தமா எம்புட்டுப் புகை போகுதோ, அதை நூறா வச்சுக்கிட்டு…" என்று இழுத்தாள்.

வேலுத்தாய் பால் தூக்கைக் கீழே வைத்தாள். "என் வீட்டுக்கு நான் வாங்குறதுல முக்காவாசி அரிசிதான் டீச்சர். வேற என்ன வாங்கப் போறேன். உங்க முதலாளி வீட்டுல காரு, பிரிஜ்ஜு, ஏசின்னு வாங்கிக் குமிச்ச பெறகு, அரிசி ஒரு ஓரமாக் கெடக்கும். அதுக்காக, அவுக வீட்டை விட வேலுத்தாய் வீட்டுலதான் சோறு அதிகமாத் திங்குறாகன்னு ஊரெல்லாம் நோட்டீஸ் அடிப்பீகளா? அடிச்சிருக்கீகளே!"

சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபமாகக்கூட சொல்லவில்லை. அதுதான் தேவமணிக்குத் தாங்கவில்லை.

அன்று அச்சகத்துக்குப் போனதும் அந்த ஜெராக்ஸ் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டாள். இந்தியா தொண்ணூற்று நான்காம் வருடத்தில் வெளிவிட்டது மொத்தம் சுமார் நூற்றிருபத்திரண்டு கோடி டன். அதில் இருபத்தெட்டு சதவீதம் என்றால் முப்பத்து நான்கு கோடி. அமெரிக்கா வெளிவிட்டது சுமார் எழுநூறு கோடி டன். அதில் ஏழு சதவீதம், நாற்பத்தொன்பது கோடி. குட்டையாகப் பச்சைக் கோட்டில் நிற்கிற செவலைப் பசு, தீப்பற்றி எரிகிற எருமையை விட அதிகம் விட்டிருக்கிறது. இங்கே அப்போதிருந்த தொண்ணூறு கோடிப் பேருக்கு முப்பத்து நான்கு. அங்கே முப்பது கோடிக்கும் குறைவான பேருக்கு நாற்பத்தொன்பது. ஆளுக்கு என்று பிரித்தால் இங்கே நானூறு கிலோவுக்கும் கீழே, அங்கே ஆயிரத்து அறுநூறுக்கும் மேலே. இரண்டு கணக்கும் ஒரே வருடத்தவை அல்ல. ஒரே வருடத்துக்குக் கொண்டுவந்தாலும் கதை மாறப் போவதில்லை.

எட்டாம் பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. நாடுகளின் நீளமான பட்டியல். அதில் எல்லாருக்கும் மேலே நியூசிலாந்து, நூற்றில் ஏறக்குறைய பாதி. நாற்பது லட்சம் பேர் இருக்கிற ஊர். ஆளுக்கு எட்டு டன்னுக்கு மேல். முதலிடம் எந்த நாட்டுக்கு என்று கேட்டுவிட்டு, முதலில் இருந்த நாட்டை எடுத்து வெளியே வைத்திருந்தார்கள்.

அமெரிக்கக்காரன் வீட்டுச் சாப்பாடு தொழிற்சாலைக்குப் போய், டப்பாவில் அடைபட்டு, குளிர்பெட்டி லாரியில் ஆயிரம் மைல் ஓடி வருகிறதே, அந்தப் புகை இந்தக் கோட்டில் இல்லை. அது வேறு தலைப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆமத்தூரில் கறந்த பால் நடந்தே வீட்டுக்கு வருகிறது. அதனால் அதற்குத் தொழுவத்தைத் தவிர வேறு தலைப்பே இல்லை. பூகோளம் படித்தவளுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்தும் மூன்று முறை படித்தாள், ஒற்றெழுத்தைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் திணறுகிற வேலுத்தாய் படத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டாயிரமும் அடித்து முடிந்து லேமினேஷனுக்குக் காத்திருந்தன. தேவமணி நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

மீரான் மைதீன் அறுபது தாண்டியவர், விருதுநகர் வியாபாரக் குடும்பம். கோபத்தைக்கூடப் பணிவாகக் காட்டுகிறவர்.

"எழுத்துப் பிழை இருக்கா டீச்சரம்மா?"

"இல்ல முதலாளி."

"எண்ணு எதுவும் மாறிப் போச்சா?"

"இல்ல."

"அப்ப என்னத்தப் பிழைங்கிறீக?"

அவள் கணக்கைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். வியாபாரி, கணக்கு அவருக்குச் சட்டென்று விளங்கியது. "அட அல்லாவே" என்றார். "இது தராசைப் பார்க்காம தட்டை மட்டும் பார்த்த கதையால்ல இருக்கு." பிறகு சோலைமலையைக் கூப்பிட்டார். சோலைமலை தலையைச் சொறிந்தார். "உசரமா இருந்துச்சு முதலாளி, பத்த வச்சுட்டேன். வேணும்னு செய்யலை."

முதலாளி சென்னைக்குப் போன் போட்டு அவள் கையிலேயே கொடுத்தார்.

"டேட்டா எல்லாம் கரெக்ட் மேடம்" என்றார் சாலமன்ராஜ். "நாங்க வெரிஃபை பண்ணிட்டுத்தான் குடுத்தோம்."

"டேட்டா சரி தம்பி. அது சொல்ற சேதிதான் தப்பு. நாம நிறைய விடுறதால இருபத்தெட்டு இல்ல. மத்ததெல்லாம் நம்மகிட்ட கம்மியா இருக்கிறதால இருபத்தெட்டு. பக்கத்துல ஆளுக்கு எவ்வளவுங்கிறதையும் போடணும்."

"ரெண்டு மெசேஜ் குடுத்தா கன்ஃப்யூஸ் ஆயிடும் மேடம். கிராமத்துப் பசங்களுக்கு ஒரே மெசேஜ் போகணும். நம்மளும் பொறுப்புன்னு ஒரு ஷாக் வேணும்."

"நியூசிலாந்து எங்க போச்சு?"

"அது சின்ன நாடு மேடம். நம்ம பசங்களுக்கு எதுக்கு?"

"முதலிடம் யாருக்குன்னு கேட்டுட்டு, முதல்ல இருந்தவனைத் தூக்கிட்டா அது என்ன போட்டி தம்பி?"

"அது சும்மா ஒரு கேட்சியான தலைப்பு மேடம்."

"உங்க ஆபீஸ்ல ஏசி இருக்கா?"

"இருக்கு. அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அது இதுல எந்தக் கோட்டுல வருதுன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. மீரான் மைதீன் சிரித்துவிட்டார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்தார். சார்ட்டின் அடியில் அரை அங்குலம் வெள்ளையாக விட்டிருந்தது. அச்சகத்தின் பேரும் ஊரும் போடுகிற இடம்.

"மேல இருக்கிறதெல்லாம் அவுக சொத்து" என்றார். "இந்த அரை இஞ்சு என் சொத்து. எங்க வாப்பா காலத்துல இருந்து இது அச்சாபீசுக்குப் பாத்தியப்பட்டது. இதுல நீங்க எழுதுங்க."

தேவமணி எழுதினாள்: "மேலே உள்ளவை பங்குகள், அளவுகள் அல்ல. உணவுக்கும் உழவுக்குமாக ஒரு ஆளுக்கு ஓர் ஆண்டில்: இந்தியா சுமார் 0.4 டன்; அமெரிக்கா சுமார் 1.7 டன்." பன்னிரண்டாயிரம் தாளும் மறுபடி மிஷினில் ஏறி, கறுப்பு மையில் அந்த வரிகளையும் அச்சகத்தின் பேரையும் வாங்கிக்கொண்டு இறங்கின. அன்று அவள் வேலுத்தாய்க்கு ஒரு நல்ல தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். "எழுத்து எறும்பு கணக்கா இருக்கு, எருமை ஆனை கணக்கா இருக்கு" என்றாள் வேலுத்தாய். "ஆனாலும் பரவால்ல. எழுதுனீகளே."

மே கடைசியில் வண்டியோடு சாலமன்ராஜ் வந்தார். கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார். அடிவரியைப் படித்தார். குரலே உயர்த்தவில்லை. வெட்டிக் கொடுத்தால் லோடு ஏற்றுகிறோம், இல்லாவிட்டால் எங்களுக்கு வேண்டாம் என்றார். அடுத்த வருடம் ஐந்து மாநிலத்துக்கு ஆர்டர் இருக்கிறது, அதுவும் இங்கே வருமா வராதா என்பது உங்கள் கையில் என்றார்.

மீரான் மைதீன் தேவமணியைப் பார்க்கவில்லை. கட்டிங் மிஷின் ஆளைக் கூப்பிட்டார்.

ஐந்நூறு ஐந்நூறாக அடுக்கி வைத்தார்கள். கத்தி இறங்கி ஏறியது. ஒவ்வொரு முறையும் அரை அங்குல நாடாக்கள் கற்றையாகக் கீழே சரிந்தன. இருபத்து நான்கு முறை கத்தி இறங்கியது. அத்தனை முறையும் தேவமணி அங்கேயே நின்றாள். அச்சகத்தின் பேரும் ஊரும்கூடச் சேர்ந்தே போயின. அந்தச் சார்ட்டை யார் அடித்தார்கள் என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. கீழே கிடந்ததைச் சாக்கில் அள்ளிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினார்கள்.

"நான் பொய் அடிக்கலையே டீச்சரம்மா" என்றார் மீரான் மைதீன், பிறகு. "என்னை நம்பி முப்பது குடும்பம் இருக்கு. நீங்களே சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல முதலாளி. முப்பது குடும்பத்துக்காக வெட்டுனீக, சரி. அந்தச் சார்ட்டைப் பார்த்து வளரப் போற பிள்ளைக எத்தனை குடும்பம்?"

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகத்தான் போனாள். அன்றே மேசை இழுப்பறையைக் காலி செய்து, சோலைமலையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, நாலு மணி பஸ்ஸில் ஆமத்தூர் வந்து சேர்ந்தாள்.

ஜூன் ஐந்தாம் தேதி விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. கரண்ட் போய்விட்டது. வாசலில் ஜெனரேட்டர் கறுப்பாகப் புகை கக்க, உள்ளே ஏசியில் உட்கார்ந்து, எருமையை என்ன செய்யலாம் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. படத்தில் பேசுகிறவரின் தலைக்கு மேல் எருமை எரிந்துகொண்டிருந்தது. பேசியவர்களில் ஒருவருக்குக்கூட "எந்த நூறு?" என்று கேட்கத் தோன்றவில்லை. அத்தனை பேரும் பட்டம் வாங்கியவர்கள்.

எந்தெந்தப் பள்ளிக்கு எத்தனை சார்ட்டு என்ற விலாசப் பட்டியலுக்கும் புரூஃப் பார்த்தவள் தேவமணிதான். அந்தப் பட்டியலோடு கிளம்பினாள். வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறினாள். தலைமையாசிரியரைப் பார்ப்பாள். கணக்கைக் காட்டுவாள். அழியாத மைப் பேனாவால் சார்ட்டின் ஓரத்தில் எழுத அனுமதி கேட்பாள். சில இடத்தில் நாற்காலி போட்டுக் கேட்டார்கள். சில இடத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அவளை ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து, "ஒண்ணும் வேண்டாம்மா, போன வாரந்தான் டிக்சனரி வாங்குனோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

காரியாபட்டிப் பக்கம் போன அன்று வேலுத்தாயும் கூட வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர், எதற்கு இத்தனை தூரம் என்று கேட்டார்.

"எருமைக்கு ஜாமீன் எடுக்கப் போறோம்" என்றாள் வேலுத்தாய்.

பஸ்ஸே சிரித்தது. தேவமணியும் சிரித்தாள். அப்படிச் சிரிப்பதற்கு அந்த வருடத்தில் அவளுக்குக் கிடைத்த சந்தர்ப்பங்கள் கொஞ்சம். ஊரில் அதற்குள் சார்ட்டுக் கிறுக்கி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒன்றரை வருடத்தில் முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடம். இரண்டாயிரத்து ஒன்பது நவம்பரில், அடைமழைக்குப் பிறகு, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். கடைசியாகப் போன பள்ளிக்கூடம் இருக்கன்குடிச் சாலையில் இருந்தது. அங்கே தலைமையாசிரியர் ஞானமுத்து.

அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். கணக்கு முழுவதையும் கேட்டார். தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது சரியாத்தாம்மா இருக்கு. ஆனா அச்சுல வந்ததைக் கையால திருத்தலாமா? ஆய்வுக்கு யாராச்சும் வந்தா யார் பதில் சொல்றது? பிரச்னையே வேண்டாம், கழட்டிடுறேன்." எட்டாம் வகுப்புக்குள் போய், சார்ட்டை ஆணியிலிருந்து எடுத்துச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டு, முடிந்தது என்பதுபோல் கையைத் தட்டிக்கொண்டார்.

"பிள்ளைககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிறட்டுமா சார்?"

"கேளுங்க."

தேவமணி வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "சாப்பாட்டுக்காகவும் விவசாயத்துக்காகவும் பூமியை ரொம்பச் சூடாக்குற நாடு எது?"

"இந்தியா!" என்றது வகுப்பு முழுவதும் ஒரே குரலில். பதில் தெரிந்த சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், தன் தைரியத்தையும் காட்ட, "எருமை, டீச்சர்!" என்று சேர்த்துக்கொண்டான்.

ஞானமுத்து முதலில் புன்னகை செய்தார், பிள்ளைகள் டக்கென்று பதில் சொன்னதற்கு. பிறகு புன்னகை நின்றது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் மாடு நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். காலையில் சாணி அள்ளிப் போட்டுவிட்டு, கை கழுவிப் பள்ளிக்கூடம் வருகிறவர்கள்.

"கழட்டி வச்சது பத்துமா சார்?" என்றாள் தேவமணி. "ஒன்றரை வருசமாப் பார்த்துட்டாங்களே. உள்ள தொங்குறதை எந்த ஆணியில இருந்து கழட்டுவீங்க?"

அவர் அலமாரியிலிருந்து சார்ட்டை எடுத்துத் தானே மாட்டினார். மாட்டிவிட்டுச் சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தார்.

அவள் கரும்பலகையில் நான்கு எண்களை எழுதி, பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னாள். நூற்றிருபத்திரண்டில் இருபத்தெட்டு சதவீதம். எழுநூறில் ஏழு சதவீதம். சத்தம் போட்டுச் சண்டை பிடித்து, இரண்டு தடவை தப்பாகப் பெருக்கி, முப்பத்து நான்குக்கும் நாற்பத்தொன்பதுக்கும் வந்து சேர்ந்தார்கள். வகுப்பு அடங்கியது. எல்லாரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எருமை என்று கத்திய பையன்தான் எழுந்தான். இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அப்ப நம்மளை எதுக்கு டீச்சர் உசரமாப் போட்டாங்க? அடிக்கும்போது ஒருத்தருமா பார்க்கலை?"

சென்னைக்காரர்களைச் சொல்லியிருக்கலாம், முதலாளியைச் சொல்லியிருக்கலாம், சோலைமலையின் பட்டாசுக் கையைச் சொல்லியிருக்கலாம். ஞானமுத்துகூட அவளுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒருத்தி பார்த்தா" என்றாள் தேவமணி. "நான்தான் அது. பார்த்துட்டு, சரியா இருக்குன்னு சொன்னேன்."

பையன் உட்காரவில்லை. அவள் நீட்டிய சுண்ணக்கட்டியை வந்து வாங்கிக்கொண்டான்.

"போடு" என்றாள். "தொண்ணூறு கோடிப் பேருக்கு முப்பத்து நாலு கோடி டன். தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துச் சொல்லு."